செயற்கை முழங்கால் கதவுக் கீல் மாதிரி மடங்குவதில்லை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. 115 டிகிரி வரை மடங்குகிறது, எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமதரையில் தாராளமாக நடக்கிறார். ஆனால் படி இறங்கும்போது மட்டும் "முட்டி முன்னால வழுக்கற மாதிரி இருக்கு" என்கிறார். தாழ்வான சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. அவ்வப்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வேறு. எல்லாம் சரியாக இருந்தால் ஏன் இப்படி, உள்ளே அந்த மூட்டு எப்படித்தான் அசைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் நடப்பது, ஏறுவது, உட்காருவது எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். அதனால் அம்மாவின் முட்டியில் என்ன கோளாறு, கோளாறு இருக்கிறதா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. அந்த மூட்டு எந்த நேரத்தில் என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் மேசையில் மாதிரிக்காக ஒரு செயற்கை மூட்டு வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கையில் எடுத்து, மேல்பாகத்தைப் பிடித்து மடக்கிப் பார்ப்பார்கள். அது தனியாகக் கையோடு வந்துவிடும். "ஐயோ, கழண்டுபோச்சு" என்று பதறுவார்கள். கழலவில்லை, அது சேர்ந்தே இருந்ததில்லை. மேலே இருப்பது கோபால்ட்-குரோமியம் கலந்த பளபளப்பான உலோகம். தொடை எலும்பின் முனையில் தொப்பி மாதிரி கவிழ்ந்து உட்காரும், இரண்டு குமிழ்கள் இருக்கும். கீழே கால் எலும்பின் தலையில் பதிக்கும் டைட்டானியத் தட்டு. அதன்மேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், இரண்டு ஆழமில்லாத குழிகளோடு. குமிழ் குழியில் உட்காருகிறது, அவ்வளவுதான். அச்சாணி கிடையாது, திருகு கிடையாது. அம்மாவின் முட்டியில் மேல்பாகத்தையும் கீழ்பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய தசையும் தசைநாரும் உடல் எடையும்தான்.

கீல் வைத்துப் பார்க்காமல் இல்லை. 1950களில் வந்த மூட்டுகள் நிஜமாகவே கீல்கள்தான். மடங்கும், நீளும், வேறு எந்தப் பக்கமும் அசையாது. ஆனால் மனிதன் திரும்புகிறான், கால் முறுகுகிறது. அந்த முறுக்கு போக இடமில்லாமல் எலும்போடு பதித்த இடத்துக்கே போய், மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்தது. 1968இல் ஃபிராங்க் கன்ஸ்டன் என்ற கனடா டாக்டர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் கீலைத் தூக்கிப் போட்டுவிட்டு, உருளும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் பொருத்தினார். 1974இல் நியூயார்க்கில் இன்சால், வாக்கர், ராணாவத் ஆகியோர் கொண்டுவந்த 'டோட்டல் காண்டிலர்' மூட்டுதான் இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் பாட்டன். மிக மோசமாகத் தளர்ந்த முட்டிகளுக்கு இன்றும் கீல் வகை போடுவதுண்டு. உங்கள் அம்மாவுக்கு அது இருக்க வாய்ப்பு குறைவு.

இனி, இயற்கையான முட்டி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தால்தான் செயற்கை மூட்டு எங்கே வழிதவறுகிறது என்பது புரியும். சாலையில் ஓடும் சக்கரம் உருண்டு முன்னே போகிறது. சேற்றில் மாட்டிய சக்கரம் இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுழல்கிறது. முட்டி இரண்டையும் கலந்து செய்கிறது. 1836லேயே ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். வெறுமனே உருண்டால் நன்றாக மடக்குவதற்குள் தொடை எலும்பு கீழ்மேடையின் பின்விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். வெறுமனே வழுக்கினால் மடக்கும்போது தொடையின் பின்புறம் கீழே உள்ள எலும்பில் சீக்கிரமே இடித்துக்கொள்ளும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆரோக்கியமான முட்டியை 120 டிகிரி வரை மடக்கினால் உள்பக்கக் குமிழ் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். வெளிப்பக்கக் குமிழ் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பின்னால் போகும். காம்பஸின் ஊசி முனை உள்பக்கம், பென்சில் முனை வெளிப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் மடங்க மடங்கத் தொடை எலும்பு 20 டிகிரிக்கு மேல் வெளிப்புறமாகத் திரும்புகிறது. காலை முழுக்க நீட்டும்போது கடைசி 15, 20 டிகிரியில் கீழ்க்கால் கொஞ்சம் வெளியே திரும்பி, முட்டி பூட்டிக்கொண்டது மாதிரி இறுகும். நாம் நெடுநேரம் அலுக்காமல் நிற்பதற்கு அந்தப் பூட்டு ஒரு காரணம்.

மடக்கும்போது தொடை எலும்பு பின்னால் போவதில் இரண்டு லாபம். பின்பக்கம் இடம் கிடைப்பதால் ஆழமாக மடக்கலாம். முன்தொடைத் தசைக்கு நெம்புகோல் நீளமாகிறது, குறைந்த பலத்தில் எழுந்துவிடலாம். இந்த இரண்டாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோபா விஷயம் அங்கேதான் வருகிறது.

அறுவை சிகிச்சையில் குருத்தெலும்போடு சேர்த்து ஜவ்வுத் தகடுகளும் போகின்றன. பெரும்பாலான வகைகளில் ஏசிஎல் என்ற முன் குறுக்குத் தசைநாரும் போகிறது. பிசிஎல் என்ற பின் குறுக்குத் தசைநாரைச் சில சர்ஜன்கள் விட்டுவைப்பார்கள். சிலர் அதையும் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கின் நடுவில் ஒரு முளையும் உலோகத்தில் அதைத் தொடும் ஒரு குறுக்குத் தண்டும் உள்ள வகையைப் போடுவார்கள். 1978இல் வந்த இந்த ஏற்பாடு எளிமையானது. முட்டி ஓரளவு மடங்கியதும் தண்டு முளையில் இடித்து, தொடைப் பாகத்தைப் பின்னால் தள்ளும். பிசிஎல் செய்ய வேண்டிய வேலையை ஒரு பிளாஸ்டிக் முளை செய்கிறது.

ஒரே ஒரு சிக்கல். தண்டு முளையைத் தொடுவது பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல்தான், சில வடிவங்களில் 80ஐ நெருங்கித்தான். அதுவரை முன்பின் அசைவைப் பிடித்துவைப்பது குழியின் வளைவும், பக்கவாட்டுத் தசைநார்களும், தசையின் இழுப்பும் மட்டுமே. சுமார் 20 முதல் 60 டிகிரி வரையிலான அந்த நடுப்பகுதியைத்தான் அம்மா படியில் கடக்கிறார்.

உள்ளே நடப்பது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். வெளியிலிருந்து அளப்பது கஷ்டம். தோலில் ஒட்டும் பளபளப்பு உருண்டைகளைக் கேமரா துல்லியமாகப் பிடிக்கும், ஆனால் தோலே எலும்பின் மேல் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். நாம் தேடுவதோ மில்லிமீட்டர் அசைவு. 1990களில் ஸ்காட் பேங்க்ஸ், ஆண்ட்ரூ ஹாட்ஜ் போன்ற ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். எக்ஸ்ரே வீடியோவான ஃப்ளோரோஸ்கோப்பியில் உலோக மூட்டு கன்னங்கரேலென்று தெளிவாக விழும். அந்த மூட்டின் முப்பரிமாண வடிவம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பி, நிழலோடு விளிம்பு பொருந்தும்வரை வைத்தால் அந்த நொடியில் மூட்டு எங்கே, எந்தக் கோணத்தில் இருந்தது என்பது கிடைத்துவிடும். வீடியோவின் ஒவ்வொரு படத்துக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒருவர் ஒரு தடவை நாற்காலியிலிருந்து எழுந்ததைப் பொருத்தி முடிக்கப் பகல் முழுக்கப் போன நாட்கள் எனக்கு உண்டு.

ஆரம்பத்தில் ஆளை எக்ஸ்ரே கருவிக்கு முன்னால் நிறுத்தி, உட்கார்ந்து எழச் சொல்லலாம், ஒரு படி ஏறச் சொல்லலாம், அவ்வளவுதான். நடந்தால் கால் படத்தைவிட்டு வெளியே போய்விடும். பிறகு சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் ஸூரிக் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்ரே கருவியே நடப்பவரின் முட்டியைத் தொடர்ந்து கூடவே ஓடும்படி ஒரு ஏற்பாடு செய்தார்கள். சமதரை, சரிவு, படி எல்லாவற்றிலும் தொடர்ச்சியான படம் கிடைத்தது. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் இன்னொரு பக்கம், மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவி வைத்து, உள்ளே விழும் பாரத்தை ரேடியோ மூலம் வெளியே அனுப்ப வைத்தார்கள்.

ஃப்ளோரோஸ்கோப்பி வந்ததும் முதலில் கிடைத்தது ஓர் அதிர்ச்சி. பிசிஎல்லை விட்டுவைத்த பல மூட்டுகளில், மடக்கும்போது தொடைப் பாகம் பின்னால் போவதற்குப் பதிலாக முன்னால் வழுக்கியது. இயற்கைக்கு நேர் எதிர். காரணம் யோசித்தால் புரியும். தொடை எலும்பு பின்னால் நழுவாமல் பிடித்திருந்த ஏசிஎல் இப்போது இல்லை. ஆகவே கால் நீட்டியிருக்கும்போதே அது வழக்கத்தைவிடப் பின்தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மடக்க ஆரம்பித்ததும் அங்கிருந்து முன்னுக்கு வருகிறது. சிலருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர், சிலருக்கு இன்னும் அதிகம். முளை வைத்த மூட்டுகளிலும், தண்டு முளையைத் தொடுவதற்கு முந்தைய கோணங்களில் இதைப் பார்க்கலாம். முதல் தடவை அந்த வீடியோவைப் பார்த்தபோது படத்தைத் தலைகீழாக ஓட்டுகிறோமோ என்று நான் சரிபார்த்தேன்.

அம்மா "முன்னால வழுக்கற மாதிரி" என்று சொல்வது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன். ஆனால் இப்படி வழுக்கும் எல்லோரும் அதை உணர்வதில்லை. வீடியோவில் நன்றாக வழுக்கும் முட்டியோடு, "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

இனி ஒவ்வொரு வேலையாக. நடை சுலபமானது. கால் தரையில் பதிந்து பாரம் ஏறும்போது முட்டி 15, 20 டிகிரி மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். காலைத் தூக்கி வீசும்போது 60 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும். 115 டிகிரி இருக்கிறவருக்கு இது பாதிதான். அதனால்தான் சமதரையில் அம்மாவுக்குப் பிரச்சினை தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் அங்கேயும் ஒரு வித்தியாசம் இருக்கலாம்: மூட்டு மாற்றியவர்கள் பலர், பாரம் ஏறும் அந்த நேரத்தில் முட்டியை மடக்காமல் விறைப்பாக வைத்து நடப்பார்கள். முன்தொடைத் தசைக்கு வேலை கொடுக்காமல் தப்பிக்கும் பழைய பழக்கம் அது. வலி இருந்த வருஷங்களில் உடம்பு கற்றுக்கொண்டது, வலி போன பிறகும் போவதில்லை.

பாரத்தைப் பற்றி ஒன்று. இரண்டு காலிலும் சமமாகச் சும்மா நின்றாலே ஒவ்வொரு முட்டியிலும் விழுவது பாதி எடை அல்ல, கிட்டத்தட்ட முழு உடல் எடை. உடம்பை நிமிர்த்தி வைக்கத் தசைகள் இழுக்கும் இழுப்பும் மூட்டின் மேல்தானே விழுகிறது. பெர்லின் குழு 2010இல் ஐந்து பேரிடம் அளந்த சராசரி: சமதரை நடையில் உடல் எடையைப் போல 2.6 மடங்கு, நாற்காலியிலிருந்து எழும்போது ஏறக்குறைய 2.5, படி ஏறும்போது 3.2, இறங்கும்போது 3.5 மடங்கு. 60 கிலோ எடை உள்ளவர் ஒவ்வொரு படி இறங்கும்போதும் முட்டியில் 210 கிலோ. ஏறுவதுதான் கஷ்டம் என்று நுரையீரல் சொல்லும். முட்டியைக் கேட்டால் இறங்குவது என்று சொல்லும்.

படி இறங்குவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், உங்கள் கேள்வியின் மையம் அதுதான். கீழ்ப்படிக்குப் போகும் காலை எல்லோரும் கவனிக்கிறோம். வேலை செய்வது மேல்படியில் நிற்கும் கால். அந்த முட்டி கிட்டத்தட்ட நேராக இருக்கும் நிலையிலிருந்து மெதுமெதுவாக 80, 90 டிகிரி வரை மடங்கிக்கொண்டே முழு உடம்பையும் கீழே இறக்கிவைக்க வேண்டும். முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்தபடியே நீள வேண்டும். வாளியைக் கிணற்றில் 'தொப்'பென்று போடாமல் கயிற்றைக் கைக்குள் வழுக்கவிட்டு இறக்குவது மாதிரி. முட்டி இந்த நேரத்தில் கடப்பது, நான் மேலே சொன்ன, பிடிமானம் குறைந்த அந்த 20லிருந்து 60 டிகிரிப் பகுதியை. பாரம் உச்சத்தில், பிடிமானம் அடியில். தொடைப் பாகம் அப்போது முன்னால் நகர்ந்தால் முன்தொடைத் தசையின் நெம்புகோல் குட்டையாகிறது. அதே எடையைத் தாங்க அந்தத் தசை இன்னும் பலமாக இழுக்க வேண்டும். அது ஏற்கெனவே மெலிந்த தசையாக இருந்தால் கை நழுவின கயிறு மாதிரி ஒரு நொடி விட்டுக்கொடுக்கும். வழுக்கல், பயம் இரண்டும் வருவது அந்த நொடியில்.

பிசியோதெரபிஸ்டுகள் 'இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில்' என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான். ஆபரேஷன் ஆன கால் முதலில் கீழே போனால், மேலே நின்று உடம்பை இறக்கிவைக்கிற வேலை நல்ல காலுக்குப் போகிறது. அம்மா எட்டு மாதத்தில் இதை மறந்துவிட்டு மாற்றி மாற்றிக் கால் வைத்து இறங்குகிறாரா என்று பாருங்கள். மாற்றிக் கால் வைக்கக் கூடாது என்பதில்லை. அதற்கான பலம் வந்துவிட்டதா என்பதுதான் விஷயம். எட்டு மாதத்தில் முன்தொடைத் தசை முழுக்க மீண்டிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் அந்தத் தசை வெகுவாகப் பலமிழக்கும், சிலருக்கு ஒரு வருஷம் கழித்தும் அடுத்த காலுக்குச் சமமாக வருவதில்லை.

சோபாவுக்கு வருவோம். சாதாரண உயர நாற்காலியிலிருந்து எழ 90 முதல் 100 டிகிரி வரை மடங்கினால் போதும். தாழ்வான, உள்ளே அமுங்கும் சோபாவில் இடுப்பு முட்டிக்குக் கீழே போய்விடும். அங்கே 115 டிகிரி இருந்தும் போதாது என்பதல்ல பிரச்சினை. அந்தக் கோணத்தில் மொத்த உடம்பையும் தூக்கும் பலம் வேண்டும். டாக்டர் அளந்த 115 டிகிரி, படுக்கவைத்து, பாரம் இல்லாமல், மற்றவர் கையால் மடக்கி அளந்தது. பாரத்தோடு மடங்குவது வேறு, அது பெரும்பாலும் சில டிகிரி குறைவாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் எழுதும் அந்த ஒரு எண்ணுக்கு இத்தனை மதிப்பு கொடுப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

எங்கள் கூடத்தில் தரையில் இரண்டு பாரத்தட்டுகள் பதித்திருப்போம், ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. நாற்காலியிலிருந்து எழச் சொல்வோம். "ரெண்டு காலிலும் சமமாத்தான் ஊன்றினேன்" என்பார்கள். திரையில் பார்த்தால் நல்ல காலின் கோடு மேலே, ஆபரேஷன் ஆன காலின் கோடு வெகு கீழே கிடக்கும். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. இதைச் சரிசெய்ய வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு: எழுவதற்கு முன் ஆபரேஷன் ஆன காலையும் நல்ல காலின் அதே கோட்டுக்குப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். பலர் அந்தக் காலை நீட்டியபடியே எழுவார்கள், அப்போது அது வேலையே செய்யாது. பிறகு தலை முழங்காலைத் தாண்டி முன்னே வரும்வரை குனிந்து எழ வேண்டும். உயரமான நாற்காலியில் கை ஊன்றாமல் எழப் பழகி, சில வாரத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் சோபா எட்டும் தூரத்துக்கு வரும்.

திரும்புவதில் ஒரு எச்சரிக்கை. காலைத் தரையில் ஊன்றியபடி உடம்பை மட்டும் திருப்பும்போது இயற்கை முட்டி தாராளமாக முறுகிக் கொடுக்கும். செயற்கை மூட்டில் அன்றாட வேலைகளில் தெரியும் திருப்பம் பெரும்பாலும் 10 டிகிரிக்குள். சிலருக்கு அது எதிர்த் திசையிலேயே கூட நடக்கிறது, அதாவது காம்பஸின் ஊசி முனை வெளிப்பக்கத்துக்கு மாறிவிடுகிறது. இதைக் கோளாறு என்று உடனே எழுதிவிட முடியாது. ஆரோக்கியமான முட்டியே உட்காரும்போது உள்பக்கத்தை ஊன்றித் திரும்பும், ஆனால் நடக்கும்போது பெரும்பாலும் வெளிப்பக்கத்தை ஊன்றித் திரும்புகிறது என்று 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 'இந்த மூட்டு இப்படித்தான் அசையும்' என்று ஒரே வாக்கியத்தில் விளம்பரக் கையேடு சொன்னால் நான் நம்புவதில்லை. அசைவைத் தீர்மானிப்பதில் உலோகத்தின் வடிவத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த நேரத்தில் செய்யும் வேலைக்கும் அவ்வளவு பங்கு.

பிளாஸ்டிக் தட்டே சுழலும் வகையும் உண்டு, 1970களின் கடைசியிலிருந்து இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை. மடங்குவது மேல் முகத்தில், திரும்புவது கீழ் முகத்தில். நோயாளிகளைக் கேட்டால் அசையாத தட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதே பொதுவாக வரும் பதில். உள்பக்கத்தைப் பந்தும் கிண்ணமும் போல ஆழமாகச் செய்து, அங்கேயே ஊன்றித் திரும்பவைக்கும் வகையை நான் கொஞ்சம் விரும்புகிறேன். நடுப்பகுதியில் முன்னால் வழுக்குவதை அது நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. பாதி மூட்டு மட்டும் மாற்றுபவர்களுக்கு ஏசிஎல் தப்புவதால், இயற்கைக்கு மிக அருகே அசைவது அவர்களுடைய முட்டிதான். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

பிளாஸ்டிக் தேய்வதும் அசைவோடு சம்பந்தப்பட்டதே. ஒரு காலுக்கு வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் அடி என்ற கணக்கில், ஐஎஸ்ஓ 14243 என்ற தர விதிப்படி புதிய மூட்டை இயந்திரத்தில் 50 லட்சம் தடவை நடக்கவைத்துத் தேய்மானம் பார்ப்பார்கள். ஒரே திசையில் முன்னும் பின்னும் வழுக்கினால் பாலிஎத்திலீன் அதிகம் தேயாது. அதன் நீண்ட மூலக்கூறுகள் அந்தத் திசையிலேயே படிந்துகொள்ளும். திருப்பமும் சேர்ந்து குறுக்கே உரசும்போதுதான் உரிகிறது. ஒருமுறை, மறு அறுவை சிகிச்சையில் கழற்றிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று ஆய்வுக்கு வந்தது. புதிதில் மங்கலாக, இயந்திரம் கடைந்த மெல்லிய கோடுகளோடு இருக்கும். இதில் உள்பக்கக் குழியின் பின்பாதியில் கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒரு வழவழப்பான திட்டு, கண்ணாடி மாதிரி. வெளிப்பக்கத்தில் அதே மாதிரித் திட்டு முன்னும் பின்னும் நீண்டு கிடந்தது. அந்த மனிதர் எப்படி நடந்தார் என்று பெயர் தெரியாமலேயே படித்துவிடலாம் போல இருந்தது. பயப்பட வேண்டாம், 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்புக் கணக்குப்படி, முழு மூட்டு மாற்றங்களில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாக்குப்பிடிக்கின்றன.

குத்துக்காலிடுவது, தரையில் உட்காருவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். முழுக்கக் குத்துக்காலிட 130 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த ஆழத்தில் உலோகக் குமிழ் பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில், சின்ன இடத்தில், முழு பாரத்தையும் வைக்கும். சில சமயம் வெளிப்பக்கக் குமிழ் லேசாகத் தூக்கிக்கொள்வதையும் வீடியோவில் பார்த்திருக்கிறேன். 'அதிகம் மடங்கும்' என்று விற்கும் வடிவங்கள் ஒப்பீட்டு ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி வென்றதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் முட்டி எவ்வளவு மடங்கியது என்பதே பின்னால் மடங்குவதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மண்டியிடுவது வேறு விஷயம். பலரால் முடியும், மூட்டுக்கும் பொதுவாகக் கெடுதலில்லை. ஆனால் தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பதால், "என் கால் மாதிரியே இல்லை" என்று விட்டுவிடுவார்கள். அங்கே போகும் சிறு நரம்பு அறுவையின்போது வெட்டுப்படுகிறது. முதலில் கட்டில் மெத்தையில் மண்டியிட்டுப் பார்க்கலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு.

'டக்' சத்தத்தில் இரண்டு வகை. காலை வீசும்போது பாரம் இறங்கி, குமிழுக்கும் குழிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். கால் ஊன்றியதும் உலோகம் பிளாஸ்டிக்கில் தட்டும். வலி இல்லாமல், வீக்கம் இல்லாமல் இப்படி வருவது சர்வசாதாரணம். பிளாஸ்டிக் முளையில் உலோகம் தட்டுவதும் இந்த ரகம். இன்னொன்று, மடக்கிய காலை நீட்டும்போது பாதி வழியில், முட்டிச் சில்லுக்கு அடியில் ஏதோ சிக்கி, வலியோடு 'டொக்'கென்று விடுபடுவது. முளை வைத்த மூட்டுகளில் சில்லுக்கு மேலே வளரும் தழும்புத் திசு, உலோகத்தின் நடுப்பள்ளத்தில் மாட்டுவதால் வருவது. அதற்குச் சிகிச்சை உண்டு, காட்டிவிட வேண்டும்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னது பொய்யில்லை. அவர் பார்த்தது அம்மா அசையாமல் நின்ற ஒரு நொடியை. அதனால் அடுத்த முறை போகும்போது வெறுமனே "வழுக்குது" என்று சொல்லாதீர்கள். பக்கவாட்டிலிருந்து முழங்கால் தெரியும்படி, நீங்கள் கூடவே பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க, அம்மா கைப்பிடியைப் பிடித்து நாலு படி இறங்குவதைப் போனில் எடுங்கள். எந்தக் கால் மேலே நிற்கும்போது வழுக்குகிறது, முட்டி லேசாக மடங்கியிருக்கும்போதா நன்றாக மடங்கிய பிறகா, வலி உண்டா, அன்று மாலை வீங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். லேசான மடக்கில், மேலே நிற்கும் காலில், வலியில்லாமல் வருகிறது என்றால் முன்தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தாலே குறையக்கூடும். வீக்கமும் சேர்ந்து வருகிறது, பக்கவாட்டில் ஆடுகிறது, முன்பு இல்லாத வலி புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்றால், தசைநார்களின் இறுக்கத்தை சர்ஜன் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். முட்டி சூடாகிக் காய்ச்சலும் இருந்தால் வீடியோ எடுக்க நிற்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.